வரிச்சு: பூச்சுக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டத்தின் வரலாறு

வரிச்சு என்பது சுவரிலோ கூரையிலோ குறுக்காக, சிறிய இடைவெளி விட்டு வரிசையாகக் கட்டப்படும் அல்லது அடிக்கப்படும் மெல்லிய மரச்சட்டம் ஆகும். மூங்கில் பிளாச்சு, பனஞ்சட்டம், காட்டுக் கம்பு, அறுத்த மரத்துண்டு என எதுவும் வரிச்சாகலாம். சுவரில் அது மண்ணையோ சுண்ணாம்புப் பூச்சையோ பிடித்து நிறுத்துகிறது. கூரையில் ஓலையையும் ஓட்டையும் தாங்குகிறது. வேலை முடிந்த பின் வரிச்சு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பூச்சு உதிரும்போதோ வீடு இடிக்கப்படும்போதோதான் அது வெளியே வருகிறது. இதனால்தான் கட்டடக் கலை பற்றிய நூல்களில் தூணுக்கும் விமானத்துக்கும் கிடைத்த இடம் வரிச்சுக்குக் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை தாமிரபரணிப் பள்ளத்தாக்கை, குறிப்பாகத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பகுதியை மையமாகக் கொண்டு வரிச்சின் வரலாற்றை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வரிச்சு, வரிச்சல் ஆகிய சொற்களைக் கூரையிலும் சுவரிலும் கட்டப்படும் குறுக்குச் சட்டம் என்ற பொருளில் பதிவு செய்துள்ளது. தென்மாவட்டப் பேச்சு வழக்கில் இது "வருச்சி" என்றும் ஒலிக்கும். யாழ்ப்பாணத் தமிழில் கூரைச் சட்டத்தைச் "சிலாகை" என்பர். சிங்கள மொழியில் கம்பு கட்டி மண் அப்பிய சுவருக்கு "வரிச்சி" என்றே பெயர். கடலின் இரு கரைகளிலும் ஒரே சொல் ஒரே வேலையைக் குறித்து வழங்குவது, கட்டட வேலைக்காரர்களின் அறிவு மொழி எல்லைகளைத் தாண்டிப் பரவியதைக் காட்டுகிறது.

இன்று திருநெல்வேலியில் மரக்கடைக்குச் சென்று வரிச்சு வேண்டும் என்று கேட்டால் பலருக்கும் விளங்காது. "ரீப்பர்" என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். இச்சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஓடு தாங்கும் சட்டத்துக்கு இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வழங்கிய பெயராக இதைக் குறிப்பிட்டு, மராத்தியில் "ரிப்" என்ற சொல் இருப்பதையும் சுட்டுகிறது. போர்ச்சுகீசிய மொழியில் "ரிப்பா" என்றால் மெல்லிய மரச்சட்டம். கொங்கணம், மலையாளக் கரை, முத்துக்குளித்துறை, இலங்கை எனப் போர்ச்சுகீசியர் கால் பதித்த கடற்கரைகளில் எல்லாம் இதையொத்த சொற்கள் வழங்குவதால், ரீப்பரின் வேர் அந்தச் சொல்லே என்று கருதப்படுகிறது. தச்சர் நாவில் புழங்கும் ஒரு சாதாரணச் சொல்லுக்குள் ஐந்நூறு ஆண்டுக் கடல் வாணிகம் அடங்கியுள்ளது.

பூச்சு எப்படி நிற்கிறது?

ஈரச் சுண்ணாம்பையோ மண்ணையோ வழுவழுப்பான பலகையில் அப்பினால் அது காய்ந்ததும் பெயர்ந்து விழுந்துவிடும். பலகைக்குப் பதிலாக, விரல் நுழையாத அளவுக்குச் சிறு இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்தால் நிலை மாறுகிறது. கரணையால் அழுத்திப் பூசும்போது சாந்தின் ஒரு பகுதி இடைவெளிக்குள் புகுந்து, சட்டத்தின் பின்பக்கம் பிதுங்கி, சற்றே கீழ்நோக்கி மடிகிறது. காய்ந்த பின் அந்த மடிப்புகள் ஆயிரக்கணக்கான கொக்கிகளாக மாறிப் பூச்சைப் பிடித்துக்கொள்கின்றன. இடைவெளி மிகக் குறைந்தால் சாந்து உள்ளே புகாது; மிக அதிகமானால் பின்னால் சரிந்து விழுந்துவிடும். வரிச்சு வேலையின் நுட்பம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பூச்சு விரிசல் விடாமல் இருக்க அதனுடன் நார்ப்பொருள் சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். ஐரோப்பாவில் மாட்டு மயிரும் குதிரை மயிரும் சேர்த்தார்கள். நம் ஊரில் வைக்கோல், உமி, நார் ஆகியவை சேர்ந்தன. நல்ல சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பதும் உண்டு.

மண்சுவரில் வரிச்சு

தாமிரபரணிக் கரையில் வரிச்சு முதன்மையாக மண்வீட்டின் உறுப்பாகவே இருந்தது. நிலத்தில் கால்களை ஊன்றி, அவற்றின் இருபக்கமும் பிளந்த மூங்கிலையோ கம்புகளையோ குறுக்காக வைத்து, பனை நாராலோ கயிற்றாலோ கட்டுவார்கள். இதற்கு "வரிச்சுக் கட்டுதல்" என்று பெயர். வைக்கோல் சேர்த்து மிதித்துப் புளிக்கவைத்த மண்ணை இந்தக் கூட்டுக்குள் இருபுறமிருந்தும் அடைப்பார்கள். அது காய்ந்த பின் மெல்லிய மண்பூச்சும், அதன்மேல் சாணமோ சுண்ணாம்போ வரும். கூரையில் முகட்டு வளையிலிருந்து கைமரங்கள் இறங்கும். கைமரங்களின் மேல் வரிச்சு ஓடும். வரிச்சின் மேல் பனையோலை வேயப்படும்.

இத்தகைய சுவருக்கும் வெறும் மண்ணால் எழுப்பிய சுவருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வெறும் மண்சுவர் கூரையின் பாரத்தைத் தானே தாங்குகிறது; அடிப்பகுதி நனைந்து இளகினால் கூரையோடு சேர்ந்து சரியும். வரிச்சுச் சுவரில் பாரத்தைத் தாங்குவது மரக்கால்கள். மண் வெறும் அடைப்பு மட்டுமே. வெள்ளம் மண்ணைக் கரைத்துச் சென்றாலும் கால்கள் உறுதியாக நின்றால் கூடு நிற்கும். தண்ணீர் வடிந்த பின் மீண்டும் மண் அடைத்துக்கொள்ளலாம். ஆற்றை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இது சிறிய நன்மை அன்று.

தாமிரபரணியின் கிழக்குக் கரையில், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே அமைந்துள்ளது வண்ணார்பேட்டை. துணி வெளுக்கும் தொழிலோடு தொடர்புடைய குடியிருப்பு என்பதை அதன் பெயரே சொல்கிறது. ஆற்றங்கரையில் பேராத்துச்செல்வி அம்மன் கோயில் உள்ளது. கோயில் போன்ற பொதுக் கட்டடங்கள் கல்லால் நிலைக்கின்றன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த உழைக்கும் மக்களின் வீடுகள் மண்ணும் ஓலையும் வரிச்சுமாக இருந்தமையால் தடமின்றிப் போயின. தமிழ்நாட்டின் ஆற்றோரப் பேட்டைகள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும். கல்வெட்டில் இடம்பெறாதவர்களின் வரலாற்றைத் தேடுபவர் வரிச்சைத் தவிர்த்துவிட முடியாது.

பனை தந்த சட்டம்

தென்மாவட்டங்களில் வரிச்சுக்கும் கைமரத்துக்கும் முதன்மையான மூலம் பனை. இதற்குத் தாவரவியல் காரணம் ஒன்று உண்டு. தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் ஆண்டுதோறும் புதிய வளையம் உருவாகி, நடுப்பகுதி வைரம் பாய்கிறது. பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் வளையங்கள் இல்லை. உறுதியான கருநார்கள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் நடுவில் அருகியும் உள்ளன. எனவே பனையின் வைரம் வெளிப்பக்கத்தில் இருக்கிறது; உள்பகுதி மென்மையான சோறு. பனையை அகலப் பலகையாக அறுப்பதில் பயனில்லை. ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கி நீக்கினால் நீண்ட, வலிமையான, கறையான் எளிதில் தொடாத சட்டங்கள் கிடைக்கும். இம்மரம் தன் இயல்பிலேயே பலகைக்கு அன்று, சட்டத்துக்கே ஏற்றது. வயது முதிர்ந்த மரத்தின் சட்டமே நிற்கும் என்பதால் இளம் பனையைத் தச்சர்கள் ஒதுக்குவார்கள்.

யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் பனஞ்சட்டங்கள் முக்கியமான ஏற்றுமதிப் பொருளாக இருந்தன. சோழமண்டலக் கரைக்கும் அவை வந்தன. 1850-இல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பனையின் 801 பயன்களைப் பட்டியலிடும் "தால விலாசம்" என்ற தமிழ் நூலைப் பற்றிய செய்தி வெளியுலகுக்குப் பரவியது இத்தகைய எழுத்துகளின் வழியாகத்தான்.

உலகில் வரிச்சுப் பூச்சு

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், வளைந்த உள்கூரை அமைக்கும் முறையை விளக்குகிறார். மரச்சட்டங்களை வளைத்து நிறுத்தி, அவற்றில் இடித்த நாணலைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் சாந்து பூச வேண்டும் என்பது அவர் கூறும் முறை. அதே விட்ருவியஸ், கம்பு கட்டி மண் அப்பிய சுவர்கள் கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் எழுதியுள்ளார். விரைவாகக் கட்ட முடிந்தாலும் தீப்பிடித்தால் அவை பந்தம்போல் எரியும் என்பதே அவர் அச்சம்.

அந்த அச்சத்துக்கு விடையாகவும் பூச்சே பயன்பட்டது. மரத்தின்மேல் உள்ள சுண்ணாம்புப் படலம் தீ மரத்தை எட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. 1212-இல் லண்டனில் பெருந்தீ ஏற்பட்ட பின், சமையல் கடைகளின் சுவர்களை உள்ளும் புறமும் பூசி வெள்ளையடிக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஓக் மரத்தைக் கையால் பிளந்து எடுத்த சட்டங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. நார் போகும் போக்கில் பிளந்த சட்டம், அறுத்த சட்டத்தைவிட உறுதியானது. நம் ஊரில் பனையைப் பிளந்ததும் இதே அறிவின் அடிப்படையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திர வாள்கள் வந்த பின் அமெரிக்காவில் அறுத்த சட்டங்கள் மலிந்தன. 1894-இல் அகஸ்டின் சாக்கெட் தாளையும் ஜிப்சத்தையும் அடுக்கிச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த ஜிப்சம் பலகை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேலை நாடுகளில் மரவரிச்சை ஏறத்தாழ முற்றிலும் ஒழித்துவிட்டது.

இந்தியாவில் நிலநடுக்கம் மிகுந்த வடகிழக்கில் வரிச்சுப் பூச்சு தனி மதிப்புப் பெற்றது. 1897 ஜூன் 12 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், மரச்சட்டகத்துக்குள் இக்ரா என்னும் நாணலை வைத்துப் பூசும் "அசாம் வகை" வீடுகள் அங்கே பரவலாயின. காஷ்மீரிலும் மரச்சட்டக் கூட்டுக்குள் கல்லும் மண்ணும் அடைத்துக் கட்டிய மரபு வீடுகள் 2005 நிலநடுக்கத்தில் ஒப்பளவில் நன்கு தாக்குப்பிடித்தன. கனமான சுவர் இடிந்து விழுகிறது; சட்டகச் சுவர் ஆடிக் கொடுக்கிறது.

செங்கல்லும் சுண்ணாம்பும்

வசதி படைத்தவர்களின் வீடுகளில் தாமிரபரணிப் பகுதி வேறு வழியைத் தேர்ந்தது. செங்கல் சுவர், அதன்மேல் தேக்கு உத்திரம், உத்திரத்தின்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின்மேல் சுண்ணாம்பில் செருகிய மெல்லிய செங்கற்கள் என்று மச்சு அமைந்தது. தென்மாவட்டங்களில் இதனைக் கட்டைக்குத்து என்பர். மூலைவாட்டில் பக்கவாட்டாகச் செருகிய செங்கற்களின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். இதில் பூச்சைத் தாங்குவது செங்கல்லே ஆதலால் உள்கூரைக்கு வரிச்சு தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த வரிச்சு உள்கூரை இங்கே வேரூன்றாததற்கு இது முக்கியமான காரணம். கறையானும் வெப்பமும் மற்ற காரணங்கள்.

சுண்ணாம்புக்கு இப்பகுதியில் குறைவில்லை. கடற்கரையிலிருந்து சிப்பியும் உள்நாட்டிலிருந்து சுண்ணாம்புக் கல்லும் காளவாய்களுக்கு வந்தன. வண்ணார்பேட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் அந்தச் சுண்ணாம்புக் காலத்தின் பெருஞ்சான்று. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டிய இப்பாலம் 1843-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பதினொரு வளைவுகள் கொண்டது. வளைவின் கடைசிக் கல் வைக்கப்படும்வரை அது தானாக நிற்காது. அதுவரை அதைத் தாங்குவதற்கு வளைந்த மரச்சாரமும் அதன்மேல் வரிசையாக அடித்த சட்டங்களும் தேவை. சாந்து இறுகியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மண்சுவரில் வரிச்சு உள்ளேயே தங்கிவிடுகிறது. வளைவில் வேலை முடிந்ததும் விலகிக்கொள்கிறது. இரண்டிலும் அது கண்ணில் படுவதில்லை.

ஓடு, தொடர்வண்டி, சிமென்ட்

வரிச்சின் வடிவத்தை முதலில் மாற்றியது ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. குயவர் கையால் செய்த நாட்டு ஓட்டைக் கோணல்மாணலான வரிச்சின்மேலும் அடுக்கிவிடலாம். இயந்திரத்தில் வார்த்த மங்களூர் ஓடு அப்படி அன்று. ஓட்டின் அடியிலுள்ள பல் சட்டத்தில் கவ்வ வேண்டும். எனவே சட்டங்கள் சதுரமாக அறுக்கப்பட்டு, சம இடைவெளியில் அடிக்கப்பட வேண்டும். கயிற்றின் இடத்தை ஆணியும், பிளந்த பனையின் இடத்தை அறுத்த ரீப்பரும் பிடித்தன. 1876-இல் திருநெல்வேலிக்குத் தொடர்வண்டி வந்ததும், 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு இருப்புப்பாதை இணைந்ததும் மேற்குக் கரைப் பொருள்கள் இங்கு வர வழி செய்தன.

இரண்டாவது மாற்றம் உள்ளூரிலேயே பிறந்தது. 1946-இல் நிறுவப்பட்ட இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை, திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில், இன்றைய சங்கர் நகரில், 1949-இல் உற்பத்தியைத் தொடங்கியது. காளவாய்களில் வெந்துகொண்டிருந்த சுண்ணாம்புக் கல், ஆலையில் சிமென்டாக மாறியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை மெல்ல உள்வாங்கி மாதக்கணக்கில் இறுகுவது. சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகத் தொடங்குவது. சுண்ணாம்புப் பூச்சு சிறிது வளைந்து கொடுக்கும், ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு கடினமானது. மரத்தோடும் மண்ணோடும் ஒட்டிப்போகாது. ஆகவே சிமென்ட் வந்தபோது சுண்ணாம்பு மட்டும் போகவில்லை. அதனோடு இணங்கி நின்ற வரிச்சும் மண்ணும் சேர்ந்தே போயின.

குடிசையும் கணக்கும்

வரிச்சின் மறைவைப் பழமையின் இழப்பாக மட்டும் பார்ப்பது சரியன்று. பூச்சில்லாத வரிச்சும் ஓலையும் சேர்ந்த கூரை எளிதில் தீப்பற்றும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற இலக்கு வைத்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்ட முனைகிறது. ஆண்டுதோறும் ஓலை மாற்றவும் மண் பூசவும் உழைத்த குடும்பங்கள், குறிப்பாக அந்த வேலையைச் சுமந்த பெண்கள், கான்கிரீட் வீட்டை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் மாறிப்போவதைச் சரியாகப் பதிவு செய்யவாவது வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுவர்ப் பொருள்கள் தனித்தனியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. புல், ஓலை, மூங்கில் ஆகியவை ஒரு வகை. மண்ணும் சுடாத செங்கல்லும் மற்றொரு வகை. மரம் வேறொரு வகை. உள்ளே மூங்கிலும் வெளியே மண்ணுமாக நிற்கும் வரிச்சுச் சுவருக்குத் தனி இடமில்லை. அது மண் என்றோ மூங்கில் என்றோ எண்ணப்பட்டுப் போகிறது. எத்தனை வீடுகள் இம்முறையில் இருந்தன என்பதைப் புள்ளிவிவரத்திலிருந்து பிரித்தெடுக்க இயலாததற்கு இதுவே காரணம்.

இன்றைய நிலை

வரிச்சு முற்றிலும் அழிந்துவிடவில்லை. வேறு பொருளில் தொடர்கிறது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் வராமல் இருக்கக் கொத்தனார்கள் கோழிவலையை வைத்து ஆணியடித்து அதன்மேல் பூசுகிறார்கள். வலையின் கண்களுக்குள் சாந்து புகுந்து கவ்வுவது பழைய வரிச்சின் அதே வேலை. வண்ணார்பேட்டைப் புறவழிச்சாலையில் உள்ளவை போன்ற பெரிய கடைகளின் பொய்க்கூரைகளைத் தாங்குபவை, சம இடைவெளியில் அமைந்த தகரச் சட்டங்கள். பொருள் மாறினாலும் கோட்பாடு மாறவில்லை.

பனையின் நிலை வேறு. தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, செங்கல் சூளைகளின் விறகாகப் பெருமளவில் வெட்டப்பட்டது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. வைரம் பாய்ந்த சட்டம் தருவதற்குப் பனைக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். இன்று ஊன்றும் விதையின் சட்டத்தை அடுத்த தலைமுறைகளே காணும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலியின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. இத்தகைய வெள்ளங்களில் ஓட்டு வீடுகளும் மண்சுவர் வீடுகளும்தான் முதலில் சேதமடைகின்றன. அவற்றைப் பழுதுபார்க்க முனைபவர்கள் ஈரமான மண்சுவரின் மேலும் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேலும் சிமென்டைப் பூசுகிறார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சில பருவங்களில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. உள்ளிருக்கும் மரமும் இற்றுப்போகிறது. எது எதனோடு இணங்கும் என்ற அறிவு கைமாறாமல் விட்டுப்போனதன் விளைவு இது.

எனவே வரிச்சின் வரலாறு அருங்காட்சியகப் பொருள் அன்று. பழைய வீட்டில் இன்றும் வாழ்பவர்களுக்கு அது பயன்படும் அறிவு. உங்கள் ஊரில் பழைய வீடு ஒன்று இடிக்கப்படும்போது, உதிர்ந்த பூச்சின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். சட்டங்களின் இடைவெளியில் புகுந்து மடிந்த சாந்தின் கொக்கிகள் அங்கே தெரியும். எந்த மரம், எத்தனை விரல் இடைவெளி, எதனால் கட்டியது, வேலை செய்தவர்கள் அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்பதைக் குறித்து வைத்தால், நூல்கள் எழுதத் தவறிய வரலாற்றில் ஒரு பக்கம் நிரம்பும்.